நிலைக்கண்ணாடி முன்னால்

“கண்ணா, பால் பொங்கிடப் போகுது பாரு” என்றாள் அம்மா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி.

அலுவலகச் சமையல் மூலையில் நின்றிருந்தவன் வலது கையை நீட்டி அடுப்பை அணைத்தான்.

அவன் மூக்குக்கண்ணாடி பார்ப்பதெல்லாம் அந்த நொடியே அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் தெரியும். அவன் பேசுவது படத்தின் மேல் எழுத்தாக ஓடும்; அவள் பேசுவது அவன் காதில் விழும். பத்து வருடமாகக் காது கேட்காத அவளுக்காகவே, மகனும் கூட்டாளியும் சேர்ந்து தொடங்கிய சின்னக் கம்பெனியில் பிறந்த கண்ணாடி அது.

“நேர்ல வரவே மாட்டேங்கறியே.”

“வேலை தலைக்கு மேல கிடக்கும்மா. ஆபரேஷன் முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்.”

“நாளைக்கு ஆபரேஷன். பிழைக்கறேனோ என்னவோ. நிலைக்கண்ணாடி முன்னாடி போய் நில்லு, ஒரு தடவை முகத்தைப் பாத்துக்கறேன்.”

“இங்க கண்ணாடியே இல்லம்மா.”

“கண்ணாடி விக்கற கம்பெனியில கண்ணாடி இல்லையாக்கும்.”

அம்மா மெல்லச் சொன்னாள்: “என் பிள்ளை இடது கைக்காரன்ப்பா. பன்னிரண்டு நாளா வலது கைதான் எல்லாத்துக்கும் நீளுது.”

அம்மாவின் கண்ணாடியில் எழுத்து ஓடியது.

“பைக் விபத்தும்மா. அந்த இடத்துலயே போயிட்டான். ஆபரேஷன் முடியற வரைக்கும் உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார். நான் அவனோட கூட்டாளி.”

“மொத நாளே புரிஞ்சுடுச்சு. ஆனா ‘அம்மா’ன்னு எழுத்து வர்றப்போ அவனே கூப்பிடற மாதிரி இருந்துச்சு. அதான் வாயைத் திறக்கலை. இப்ப உன் முகத்தைக் காட்டு.”

அவன் கழிவறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றான்.

“கண்ணெல்லாம் இப்படி வீங்கிப் போயிருக்கே” என்றாள் அம்மா. “உனக்கு யாருமே ஆறுதல் சொல்லலையாடா?”