மெல்ல வாசிக்கத் தெரியாதவள்

“இதோட நிறுத்திக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம் சார்” என்றார் அப்பா.

“வீட்ல இருக்கற பியானோவையும் கொடுத்துடப் போறோம்” என்று அம்மா முடித்தாள். அவள் இடுப்பில் இருந்த சின்னவள், பியானோ வாத்தியாரின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

பெரியவள் வாத்தியாருடைய பியானோவின் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கால் இன்னும் தரையைத் தொடவில்லை.

வாத்தியாருக்கு வருத்தமாக இருந்தது. ஆச்சரியமாக இல்லை.

பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோருக்குத்தான் அவர் முதல் பாடம் நடத்துவார். வகுப்பில் நான் சொல்லித்தருவது கொஞ்சம், கை பழகுவதெல்லாம் வீட்டில்தான் என்பார். பியானோவைத் தனி அறையில் வைத்துப் பூட்டாதீர்கள், ஹாலில் போடுங்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் இருக்கிற நேரமாகப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்ப் பியானோமேல் பூச்சாடி வைப்பார்கள். மீதிப் பேர் மடிக்காத துணியைப் போடுவார்கள்.

இவர்கள் அப்படியில்லை. சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார்கள். ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவர் முடிக்கிற இந்த ஒற்றுமையை அவர் வேறு வீடுகளில் பார்த்ததில்லை. புதிதாக வருகிறவர்களிடம் இவர்களைத்தான் உதாரணம் காட்டுவார்.

பெண்ணும் சோம்பேறி இல்லை. சாயங்காலம் ஆனால் யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்துவிடுகிறாளாம். தங்கையையும் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறாளாம். சாப்பிடக் கூப்பிட்டால்கூட எழுந்து வருவதில்லையாம்.

ஆனால் எதை வாசித்தாலும் ஒரே இடி. தாலாட்டைக் கொடுத்தாலும் தகரத்தில் சுத்தியல் விழுகிற மாதிரிதான் வாசிப்பாள். மெல்ல, மெல்ல என்று வாத்தியாருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பியானோக் கட்டைக்கு அடியில் ஒரு குழந்தை தூங்குவதாக நினைத்துக்கொள், எழுப்பிவிடாதே என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அவள் முன்னைப் போலவே அடித்தாள். காதில் கோளாறோ என்று டாக்டரிடம் காட்டச் சொன்னார். காது நன்றாகவே இருந்தது. வீட்டுப் பியானோவுக்குச் சுருதி கூட்ட வந்த ஆள், உள்ளே கம்பி அறுந்திருப்பதைக் காட்டி, இங்கே யார் பயில்வான் என்று கேட்டாராம்.

“கீழ் வீட்டுக்காரர் பார்க்கிற நேரமெல்லாம் கேக்கறார் சார், ‘உங்க வீட்டு மராமத்து இன்னும் முடியலையா’ன்னு” என்றார் அப்பா.

“இவர் ஊர்ல இல்லாதப்போ பியானோ பக்கமே போறதில்ல” என்றாள் அம்மா. “அப்பான்னா அவ்வளவு பயம்.”

“பயம் இல்ல சார், மரியாதை.” அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

வாத்தியார் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று சொல்லலாமா? சொன்னால் அது அவளுக்காகவா, தன் பெயர் கெடக் கூடாது என்பதற்காகவா? வராது என்று தெரிந்தும் இழுத்துப் பிடித்து வைத்திருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நினைவில் வந்தார்கள். அவர்களில் யாரும் இன்று வாசிப்பதில்லை. ஒருத்தி விஷயத்திலாவது உண்மையைச் சொல்லித் தொலைக்கலாம் என்று தோன்றியது.

“சில பேருக்கு வராதுங்க” என்றார். “மெல்ல வாசிக்கக் கை மட்டும் போதாது. மனசுல கொஞ்சம் ஈரம் வேணும். அதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.”

அவள் எதிரிலேயே சொல்லிவிட்டோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. இனி அதை விழுங்க முடியாது. திரும்பிப் பார்த்தார். அவள் அழவில்லை. கட்டைகளின்மேல் மூடியை இறக்கி, சத்தம் வராமல் மூடினாள்.

அப்பா காரை எடுக்கப் போனார். பியானோவை எடுத்துப்போக நாளைக்கே ஆள் வருகிறது, பெரியவள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வரட்டும் என்று சொல்லிவிட்டு அம்மாவும் சின்னவளோடு படியிறங்கினாள்.

புத்தகங்களைப் பையில் வைத்தவள் போகாமல் நின்றாள்.

“சார், நான் இனிமே கிளாஸுக்கு வரல. எனக்கு வராதுன்னு எனக்கும் தெரியும்.”

வாத்தியாருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“ஆனா பியானோவை மட்டும் கொடுக்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்றீங்களா? நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேப்பாங்க.”

பெற்றவர்கள் எடுத்த முடிவில் தலையிட அவருக்கு இஷ்டமில்லை. கை கழுவியாகிவிட்டது என்கிற ஆறுதலைக் கெடுத்துக்கொள்ளவும் மனமில்லை. நாளைக்குப் பியானோவைத் தூக்கிவிட்டால் ஹாலில் ஓடியாட இடம் கிடைக்கும், பாரேன் என்று சமாதானம் சொன்னார். அவள் நகரவில்லை.

“கத்துக்கப் போறதில்லன்னா அது எதுக்கும்மா வீட்ல?” என்று கேட்டார்.

கீழே காரின் கதவு அறைந்து சாத்தப்பட்டது. அவள் படிப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அவங்க சண்டை போட்டா பாப்பா நடுங்குது சார். நான் சத்தமா வாசிச்சாதான் அதுக்கு ஒண்ணும் கேக்காது.”