காது உடைந்த யானை

முழு யானை நூற்றைம்பது ரூபாய். காது உடைந்த யானை முந்நூறு ரூபாய்!

எந்த ஊரிலாவது இப்படி ஒரு வியாபாரம் உண்டா? எஸ்.ஐ. தமிழினிக்கு முதலில் உறுத்தியது இதுதான். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஜங்ஷன் ரோட்டில் இஃப்திகார் கடையில் மட்டும் சாயங்காலமானால் வரிசை நின்றது. வந்தவர்கள் நல்ல பொம்மைகளை ஏறெடுத்தும் பார்க்காமல், உடைந்த யானையை வாங்கிப் பைக்குள் மறைத்துக்கொண்டு போனார்கள்.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தமிழினிக்குக் கிடைத்ததெல்லாம் காணாமல் போன ஆடும், மாமியார் மருமகள் சண்டையும்தான். "பெரிய கேஸெல்லாம் உனக்கு எதுக்கும்மா?" என்று இன்ஸ்பெக்டர் சிரிப்பார். எப்படியாவது அந்தச் சிரிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே வெறி.

துப்பு டெலிகிராம் குரூப்பில் கிடைத்தது. 'சூளைக்குள்ளே யாரு?' என்று ஒரு படமாம். தியேட்டருக்கே வரவிடாமல் யாரோ அமுக்கிவிட்டார்களாம். அதைத் திருடி, யானை பொம்மையில் வைத்து விற்கிறார்களாம். படத்தை வாங்கக் கடையில் எப்படிக் கேட்க வேண்டும் என்பதுகூட அதில் இருந்தது.

இஃப்திகாரைப் பற்றி ஏட்டு கோவிந்தராசு விசாரித்துச் சொன்னார். "மங்கலம்பேட்டைக்காரருங்க மேடம். துபாய்ல சம்பாதிச்சதையெல்லாம் மெட்ராஸ்ல ஏதோ தொழில்ல போட்டு வுட்டுட்டாராம். அப்பறந்தான் இந்தக் கடை."

"அதான் குறுக்கு வழில போறாரு" என்றாள் தமிழினி.

அன்று சாயங்காலம் சுடிதாரில் போய், அகல் விளக்கு பார்ப்பவள் போல நின்றுகொண்டாள். வரிசையில் முதலில் நின்ற பெண் இஃப்திகாரிடம் குனிந்தாள்.

"அண்ணே, காது உடைஞ்ச யானை இருக்குதுங்களா?"

"எந்தக் காது?"

"எடது காதுங்க."

மேஜைக்கு அடியிலிருந்து யானை வந்தது. அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"எனக்கும் ஒண்ணு. எடது காது" என்று முன்னால் போய் நின்றாள் தமிழினி. வாங்கிய யானையைத் திருப்பிப் பார்த்தாள். அடிவயிற்றில் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர். அடுத்த நொடி தன் அடையாள அட்டையை நீட்டினாள்.

இஃப்திகாருக்கு முகம் வெளிறியது. "மேடம்... ஷட்டரை எறக்கிட்டுப் பேசலாங்களா? ஆளுங்க நிக்கிறாங்க."

"ஏன், மானம் போயிடுமா?"

"மானம் போனாப் பரவால்லீங்க. தொழில் போயிடும்."

ஷட்டர் பாதி இறங்கியது. அதற்குள் கோவிந்தராசுவும் உள்ளே வந்துவிட்டார். தமிழினி தன் போனை எடுத்து ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தாள்.

"ஒரு தடவதான் டவுன்லோடு ஆவும், பாத்துப் பண்ணுங்க மேடம்" என்றார் கோவிந்தராசு.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஏட்டு கூரையைப் பார்த்தார். "எங்க வூட்டு ஷோகேஸ்ல ஒண்ணு இருக்குதுங்க. ஆனா படம் நல்லாத்தான் இருக்குது."

"நெசமாவா ஏட்டய்யா? கடைசி வரைக்கும் பாத்தீங்களா?" என்றார் இஃப்திகார் ஆவலாக.

தமிழினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெக்கமா இல்ல? யாரோ ஒரு மனுசன் சொத்தை வித்துப் படம் எடுத்திருப்பாரு. நீங்க ஸ்டிக்கர் ஒட்டிக் காசு பாக்கறீங்க. அவரு எவ்ளோ கஷ்டத்துல இருப்பாருன்னு ஒரு நாளாவது நெனச்சுப் பாத்தீங்களா?"

இஃப்திகார் தலையைக் குனிந்துகொண்டார். "தெனமும் நெனக்கிறேங்க மேடம்."

"காப்பிரைட் சட்டத்துல மூணு வருஷம் வரைக்கும் உள்ள இருக்கலாம். படம் எடுத்தவரு ஒரு கம்ப்ளெய்ன்ட் குடுத்தாப் போதும்."

போனில் படம் தொடங்கியது. முதல் காட்சிக்கு முன்பே கொட்டை எழுத்தில் ஓர் எச்சரிக்கை. 'இப்படத்தை அனுமதியின்றி நகலெடுப்பதும் பகிர்வதும் குற்றம். திருட்டுப் பிரதி பற்றித் தெரிந்தால் தயாரிப்பாளரை அழைக்கவும்.' கீழே ஒரு நம்பர்.

"திருடினவருக்கு இதை வெட்டக்கூட நேரமில்ல பாருங்க" என்று சிரித்தாள் தமிழினி. இன்ஸ்பெக்டரின் முகம் எப்படி மாறப்போகிறது என்று நினைத்தபோதே மனசு துள்ளியது. உடனே அந்த நம்பருக்கு அடித்தாள்.

அகல் விளக்குகளுக்கு நடுவில் ஒரு போன் அலறியது.

இஃப்திகார் அதைத் தயங்கித் தயங்கி எடுத்துக் காதில் வைத்தார். "சொல்லுங்க மேடம்" என்றார். அந்தக் குரல் தமிழினியின் போனிலும் கேட்டது.

தமிழினி அழைப்பைத் துண்டித்தாள்.

"படம் என்னுதுதாங்க" என்றார் இஃப்திகார். "துபாய் காசெல்லாம் அதுலதான் போச்சு. தியேட்டர்காரங்க திரும்பிப் பாக்கல. ஓடிடிக்காரங்க போனையே எடுக்கல. சரின்னு யூடியூப்ல சும்மாவே போட்டேன். அம்மாவும் மச்சானும் பாத்தாங்க. அதுலயும் மச்சான் பாதில தூங்கிட்டாரு. அப்பறம் அதையும் எடுத்துட்டு, குரூப்ல நானே ஒரு புரளியைக் கெளப்பி வுட்டேன்..."

தமிழினி ஷட்டருக்கு அடியில் பார்த்தாள். வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. சொந்தப் படத்தைச் சொந்தக் கடையில் விற்ற ஆளை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? இன்ஸ்பெக்டரின் சிரிப்பு இப்போதே காதில் கேட்டது.

இஃப்திகார் இரண்டு கைகளையும் கூப்பினார். குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ன வேணா பண்ணுங்க மேடம், ஆனா இது திருட்டுப் படம் இல்லன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க!"