துண்டுக்கு அடியில் ஒரு பேஸ் கிட்டார்

கிளாரிந்தா ஆயுள் முழுக்க மேடையில் வாசித்த பேஸ் கிட்டாருக்கு விலை மூன்று விரல். விரலுக்குப் பத்தாயிரம். அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்த கொம்பையா அதை வாயால் சொல்லவில்லை. அவர் வம்சமே மாட்டுத் தரகு. இப்போது பழைய வாத்தியங்களை வாங்கி விற்கிறார் என்றாலும், பேரம் மட்டும் இன்னும் துண்டுக்கு அடியில்தான். உள்ளே கையை விட்டு எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் தொகை.

"சம்மதம்னா சும்மா இருங்க யக்கா. கூடுதல் வேணும்னா என் விரலப் பிடிங்க."

வீட்டு வாடகை பாக்கி நின்றது. கிளாரிந்தா சும்மாதான் இருந்தாள். கொம்பையாதான் சும்மா இருக்கவில்லை. மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல அவள் விரல்நுனிகளைத் தடவிப் பார்த்தார்.

"காய்ப்பு இன்னும் கல்லு மாதிரி இருக்கே! இருந்து என்ன, இந்த வயசுல யாரு உங்கள மேடைக்குக் கூப்பிடப்போறா?"

துண்டுக்குள் அவள் விரல்கள் திமிறி விடுபட்டன. பிறகு இரண்டு விரல்கள் அவர் உள்ளங்கையில், கிட்டார் கம்பியை மீட்டுவதுபோல, மாறி மாறி நடக்கத் தொடங்கின. துண்டு துள்ளியது. கொம்பையாவின் கால் அவரைக் கேட்காமலே தரையில் தாளம் போட்டது.

"யக்கா, இது எவ்வளவு? எண்ண முடியலையே!"

அவள் கையை உருவிக்கொண்டு கிட்டாரைத் தோளில் மாட்டினாள்.

"வாடகைய நான் வாசிச்சே கட்டிக்கிடுதேன். நீரு வாங்கித் தந்த டீ பத்து ரூவா. இப்ப கேட்டீரே கச்சேரி, அது நூறு. டீக்காசு போக, தொண்ணூற எடுத்து வையும்."