சாத்தூரில் நின்ற வண்டி

“சாத்தூர் ஆஸ்பத்திரியில இல்லாத நோயாளியா வடக்க பிலாய் ஊர்ல இருக்கான்?”

“இங்கன இருந்தா கல்யாணப் பேச்சுத்தான் பேசுவீக. நான் நர்சு வேலைக்குப் போறேன்.”

“அப்பன் பேச்சைத் தட்டிட்டுப் போறவளை நான் வழியனுப்ப மாட்டேன்.”

“ஊரார் பிள்ளைகளைத் தினமும் அனுப்புறீகளே. நான் மட்டும் என்ன பாவம் செஞ்சேன்?” ரயில் ஜன்னலுக்குள்ளிருந்து ஜெயசீலி பொரிந்து தள்ளினாள்.

தேவாசீர்வாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணியடித்துப் பத்து நிமிடமாகியும் வண்டி நகரவில்லை. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் தலைகள் நீண்டன; வசவுகளும் வந்தன.

கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். “ஸ்டேஷன் மாஸ்டர் சார், இன்னும் எம்புட்டு நேரம்?”

தேவாசீர்வாதம் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார். சுருட்டிய பச்சைக்கொடி அவர் கக்கத்திலேயே இருந்தது.

ஜெயசீலிக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. ஆனாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அப்பா, கொடியைக் காட்டுங்க.”