காலிப் பந்தல்

கல்குவாரிக்குத் தார்ச்சாலை போட ஊராட்சிப் பணத்தை ஒதுக்கும் தீர்மானம் அன்று கிராமசபையில் நிறைவேற வேண்டும். குவாரிக்காரருக்குத் தலைவர் மாரப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். பந்தலில் ஜமுக்காளம் விரித்துக் காத்திருந்தார். ஊரே திரண்டு வந்தது. ஆனால் ஒருவரும் உள்ளே நுழையவில்லை. எதிரே, தண்ணீர் வராத குழாயடியில், வெயிலில் நின்றுகொண்டார்கள்.

"உள்ள வாங்க, உக்கோந்து பேசலாம்" என்று கூப்பிட்டார் மாரப்பன்.

"உக்கோந்தா தலைய எண்ணித் தீர்மானத்த முடிச்சிருவீங்கொ. மொதல்ல இந்தக் கொழாய்ல தண்ணி வரட்டுங்க" என்றாள் செவந்தி. தேர்தலில் அவருக்காக வீடுவீடாக ஏறி இறங்கியவள்.

மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி பேனாவை மூடினார். "போதுமான ஆளில்லாமத் தீர்மானம் போட்டாச் செல்லாதுங்க, தலைவரே."

சட்டைப்பையில் செல்போன் அடித்தது. குவாரிக்காரர். மாரப்பன் எடுக்கவில்லை. செவந்தியின் முகத்தைப் பார்க்கக் கூசியது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்து, பந்தலைத் தாண்டி, கூட்டத்தை நோக்கி நடந்தார்.

செவந்தி அவர் நிற்கக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.