தொட்டில் கம்பி

பழைய காரை உடைத்தெடுத்த இரும்பு எதுவானாலும் அந்தக் காரின் வரலாறும் அதோடு கூடவே வரும் காலம் அது. விபத்துக் கார் இரும்பை அநேகமாக யாரும் வாங்குவதில்லை, விலைபோகாததை மண்ணில் புதைத்துவிடுவார்கள்.

ஒரகடம் பழைய இரும்புக் கிடங்குக்கு வந்த நிறைமாதக்காரி கௌசல்யா, அப்படியொரு இரும்பில் செய்த தொட்டில் கம்பியை, விற்பனைத் திரையில் அதன் வரலாறு தெரிந்ததும் சட்டென்று கீழே போட்டாள். "ஐயோ, ஆக்சிடென்ட் வண்டியோடதாக்கா? எனக்கு வேணாம்!"

"பின்சீட்டுல இருந்த குழந்தைக்குக் கீறல்கூட இல்லம்மா," என்றாள் விற்பனைக்கு நின்ற பிலோமினா, திரையில் மேற்கொண்டு படித்தபடி.

"ஓட்டுனவங்க?"

பிலோமினா தயங்கினாள். பொய் சொன்னால் கம்பி விற்றுப்போகும்.

"அந்தக் குழந்தையோட அம்மா. அவங்க பொழைக்கல."

கௌசல்யா வயிற்றில் கைவைத்தபடி, கீழே கிடந்த கம்பியை எடுக்கக் குனியப் பார்த்தாள், முடியவில்லை.

"அதை எடுத்துக் குடுங்கக்கா," என்றாள்.