பொருளை முதல்ல காட்டுங்க

கல்யாணத்துக்கு இன்னும் சரியாக நாற்பது மணி நேரம் இருந்தது. பெண்ணின் அப்பா தனிஸ்லாஸ், பாதி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, கடற்கரை விளக்குக் கம்பத்தடியில் திருடன் போல நின்றிருந்தார்.

“நீங்க வாயே தொறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்” என்றாள் மனைவி இருதயமேரி.

அவர் தலையை ஆட்டினார்.

“முன்னப்பின்ன தெரியாத ஆளு. வீட்டுக்கு வாங்கன்னு சொல்லி அனுப்புனாரு, முடியாதுன்னுட்டேன். நாலு பேரு நடமாடற எடம், நல்ல வெளிச்சம். அதோ செவப்புத் தொப்பி போலீசு. ஒரு கொரல் குடுத்தா ஓடியாருவான்.”

புதுக் கோட்டு தைத்தாகிவிட்டது. காலுக்குச் சப்பாத்தும் வந்துவிட்டது. இந்த ஒரு பொருள் இல்லாமல் காரைக்கால் சம்பந்திகளோடு போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்று தனிஸ்லாஸ் அடம் பிடித்தார். இரண்டு நாளாக மனிதர் கஞ்சியைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

வெள்ளைக் காற்சட்டையும் கைத்தடியுமாக ஒருவர் வந்தார். சைகோனில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய சூசை.

“போன்சுவார், மதாம்!” என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி, வாய் கொள்ளாமல் சிரித்தார்.

இருதயமேரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பை இல்லை, பெட்டி இல்லை. சட்டைப்பை கூடத் தட்டையாக இருந்தது.

“பொருள் எங்க?”

“கொண்டாந்திருக்கேன், மதாம்.”

“முதல்ல காட்டுங்க. அப்புறம்தான் காசு.”

“வந்ததுலேருந்து காட்டிக்கிட்டுத்தான இருக்கேன்?” மறுபடியும் சிரித்தார்.

“இந்தச் சிரிப்புக்கெல்லாம் ஏமாற ஆளு நான் இல்ல!”

தனிஸ்லாஸ் அவள் முழங்கையைச் சுரண்டினார். “சும்மா இருங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்று கையைத் தட்டிவிட்டாள்.

“கோவிச்சிக்காதீங்க மதாம். அசல் பிரான்சு சரக்கு. எட்டு வருசமா தெனம் மூணு வேள வேல வாங்கியிருக்கேன், ஒரு கீறல் கெடையாது. மவன் புதுசு வாங்கி அனுப்பிட்டான், அதான் குடுக்கறேன்.”

“வாய்ப்பேச்சு வேணாம். இவருக்குப் பொருந்துதான்னு பாக்காம சல்லிக்காசு தர மாட்டேன்.”

“இங்கயா? இத்தினி பேரு முன்னாலயா?” சூசையின் சிரிப்பு மறைந்தது. “அந்தச் சவுக்கு மரத்துப் பக்கம் ஒதுங்கினா...”

அவ்வளவுதான். “போலீசு!” என்று இருதயமேரி போட்ட சத்தத்தில், காற்று வாங்க வந்த பாதிக் கடற்கரை அங்கே கூடிவிட்டது.

“என்னம்மா?” போலீஸ்காரன் மூச்சிரைக்க வந்தான்.

“வெறுங்கையோட வந்து காசு கேக்கறாரு. மரத்து மறைவுக்கு வேற கூப்புடறாரு!”

தனிஸ்லாஸ் துண்டுக்குள்ளிருந்து என்னவோ முனகினார். யாருக்கும் புரியவில்லை.

“இருந்தா இங்கயே எடுங்க முசே. இல்லன்னா நடங்க ஸ்டேஷனுக்கு!” என்றான் போலீஸ்காரன்.

சூசை கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். கைக்குட்டையை விரித்துப் பிடித்தார்.

“எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. பல்லைக் கழட்டணும்.”